அணி மாறினால் நன்றி கெட்டவனா?

கேள்வி:

அக்கா, எனக்கு வயது 21. வீடு பட்டர்வொர்த் பக்கம். இரண்டு வருடமாக நம் நாட்டுக் கான்டினென்டல் அணி (தொழில்முறை அணிகளில் மூன்றாம் மட்டம்) ஒன்றில் சைக்கிள் ஓட்டுகிறேன். ஸ்பிரிண்டர். மாதம் 2,200 வெள்ளி. இந்த வருடம் மூன்று மாதச் சம்பளம் தாமதமாகத்தான் வந்தது. டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். இதற்கிடையில் ஜப்பானில் ஒரு கான்டினென்டல் அணி என்னைக் கேட்டிருக்கிறது. ஒரு வருடம், தங்க இடம், பணமும் கொஞ்சம் கூடுதல். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம்.

இப்போதைய அணியில் என் சித்தப்பா மெக்கானிக். அவர் சொல்லித்தான் எனக்கு அங்கே இடம் கிடைத்தது. போகலாமா என்று வாயெடுத்ததுமே, “சித்தப்பா முகத்தில் கரியைப் பூசாதே, நன்றி கெட்டவன் என்று பேர் எடுக்காதே” என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பாவுக்குப் பிறையில் ஷிப்ட் வேலை. எனக்கு முதல் கோச் அவர்தான். விடியற்காலையில் கப்சாய் மோட்டாரில் முன்னால் போய் எனக்குப் பேஸ் கொடுத்தவர். 2022இல் சேமநிதியில் பத்தாயிரம் எடுக்க விட்டார்களே, அதை எடுத்துத்தான் கார்பன் சைக்கிள் வாங்கித் தந்தார். போன வருடம் விழுந்து காறை எலும்பு உடைந்தபோதும் ஆஸ்பத்திரிச் செலவில் பாதி அவர் தலையில்தான் விழுந்தது. அம்மாவுக்கு இரண்டு அணியும் வேண்டாம். பாதியில் விட்ட போலிடெக்னிக் டிப்ளோமாவை முடி என்கிறார். ராத்திரி தூக்கம் வருவதில்லை. யார் பேச்சைக் கேட்பது?

பெயர் வேண்டாம், செபராங் பிறை

பதில்:

தம்பி, கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். யார் பேச்சைக் கேட்பது என்கிறீர்கள். அப்பா, அம்மா, சித்தப்பா, இப்போதைய அணி, ஜப்பான்காரர்கள் என்று எல்லாருடைய ஆசையும் கடிதத்தில் இருக்கிறது. உங்கள் ஆசை என்ன என்று தேடினேன், அகப்படவில்லை. எப்படி ஓட்டுகிறவர் என்பதற்கு நீங்கள் எழுதியது ‘ஸ்பிரிண்டர்’, அதாவது கடைசிப் பாய்ச்சலில் ஜெயிக்கப் பார்க்கிறவர், என்ற ஒரே சொல். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வருகிறேன், அதில் விஷயம் இருக்கிறது.

கோலாலம்பூரில் விளையாட்டாளர்களுக்கு ஆலோசகராக இருப்பது என் வேலை. பூப்பந்தோ ஹாக்கியோ சைக்கிளோ, அணி மாறுகிற நேரத்தில் வருகிற பிள்ளைகளிடம் ஒரே குழப்பத்தைத்தான் பார்க்கிறேன். அணியிடம் பாசத்தை எதிர்பார்க்கிறார்கள், பெற்றவர்களிடம் கணக்குத் தீர்க்கப் பார்க்கிறார்கள். உங்களுக்கும் அதே கதை. அணியோடு உங்களுக்கு இருக்கிற உறவு, கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறது. அங்கே கறாராக இருக்கலாம், தப்பே இல்லை. அந்தக் கறாரை வீட்டுக்குக் கொண்டுபோனால் காரியம் கெடும்.

சரி, தாள் விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம்.

இரண்டு வருடம் என்றதும் அப்பாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவருக்கு ஒப்பந்தம் நீளமாக இருந்தால் நல்லது என்றுதான் தோன்றும். ஆனால் சைக்கிள் அணி எப்படிப் பிழைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பந்தயம் நடப்பது பொதுச்சாலையில். டிக்கெட் கிடையாது, அரங்கம் கிடையாது. ஸ்பான்சர் பணம் நின்றால் அணியும் நின்றுவிடும். ஸ்பான்சர் ஒரு வருடத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டிருந்தால், உங்கள் ஒப்பந்தத்தின் இரண்டாவது வருடம் வெறும் நம்பிக்கைதான். சின்ன அணிகளுக்குத்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். டூர் டி பிரான்ஸில் ஓடிய பிரெஞ்சு அணி பி அண்ட் பி ஹோட்டல்ஸ், அடுத்த வருடத்துக்குப் பணம் திரட்ட முடியாமல் 2022 டிசம்பரில் மூடப்பட்டது. அங்கே போவதாக இருந்த பேர்பெற்ற ஸ்பிரிண்டர் மார்க் கேவண்டிஷே நடுத்தெருவில் நின்றார். அவர் பெயருக்கு ஜனவரியில் அஸ்தானா அணி இடம் கொடுத்தது, 2024இல் டூரில் தன் 35ஆவது ஸ்டேஜையும் (ஒரு நாள் ஓட்டம்) வென்றார். டிசம்பர் கடைசியில் அணி இல்லாமல் நிற்கிற ஒரு செபராங் பிறைப் பையனை ஜனவரியில் யார் கூப்பிடுவார்கள்?

ஆகவே மேனேஜரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியதல்ல. “அடுத்த வருடத்துக்கும் அதற்கடுத்த வருடத்துக்கும் ஸ்பான்சர் கையெழுத்தாகிவிட்டதா? சைக்கிளோட்டச் சம்மேளனத்திடம் வங்கி உத்தரவாதம் வைத்திருக்கிறீர்களா?” இதைக் கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று பயப்படாதீர்கள். கோபம் வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உலக சைக்கிளோட்ட அமைப்பான யூசிஐ, வேர்ல்ட் டீம், புரோ டீம் என்ற மேல் இரண்டு மட்டங்களில் குறைந்தபட்சச் சம்பளம் வைத்திருக்கிறது. புதிதாக அந்த மட்டத்துக்கு வரும் இளைஞனுக்கு இரண்டு வருடமாவது ஒப்பந்தம் தர வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. உங்கள் கான்டினென்டல் மட்டத்தில் அப்படி ஒரு யூசிஐ சம்பள வரம்பே கிடையாது. தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு. எழுதாததை மேனேஜர் தோளில் கைபோட்டுச் சொன்னாலும் கணக்கில் வைக்காதீர்கள்.

உங்கள் 2,200 வெள்ளி சம்பளமா, அலவன்ஸா? கடிதத்தில் எழுதவில்லை, ஒருவேளை உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். சேமநிதிச் செயலியைத் திறந்து பாருங்கள். சம்பளம் என்றால், முதலாளி பங்காக 13 விழுக்காடு, அதாவது மாதம் 286 வெள்ளி உங்கள் பெயரில் ஏறியிருக்க வேண்டும். வருடத்துக்கு 3,400 வெள்ளிக்கு மேல். அலவன்ஸ் என்று சொல்லி அதைக் கட்டாமல் விட்டிருந்தால், ஜப்பான் பணத்தோடு ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சுயமாகக் கட்டுகிறவர்களுக்கு ஐ-சாரான் திட்டத்தில் அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துப் போடுகிறது, வருடத்துக்கு 500 வெள்ளி வரை. 2,500 வெள்ளி கட்டினால் முழு 500 கிடைக்கும். 21 வயதில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். உங்கள் அப்பா பத்தாயிரம் எடுத்தாரே, அந்தப் பணம் இப்படித்தான் சேர்ந்தது.

இப்போது சித்தப்பா. அவரை நீங்கள் ஒரு தடைக்கல்லாகப் பார்க்கிறீர்கள். எனக்கு அவர்தான் உங்களிடம் இருக்கிற ஆகப் பெரிய சொத்தாகத் தெரிகிறது. மெக்கானிக்குக்குத் தெரியாத ரகசியம் எந்த அணியிலும் கிடையாது. வருடக் கடைசியில் சர்வீஸ் கோர்ஸ் அறைக்குள், அதாவது அணியின் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். அடுத்த வருடம் ஓடப் போகிற அணியில் டயர் பெட்டிகள் வந்து இறங்கும், செயின், பிரேக் பேட் எல்லாம் டஜன் கணக்கில் ஆர்டர் போயிருக்கும், ஜெர்சி அளவு கேட்டு வாட்சாப்பில் செய்தி வரும். தடுமாறுகிற அணியில் பழைய டியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பார்கள், சாமான் கடைக்காரர் ரொக்கம் கொடுத்தால்தான் தருவேன் என்பார். சம்பளம் மூன்று மாதம் தாமதமானது உங்களுக்கு மட்டுமா, சித்தப்பாவுக்கும்தானா? அவரிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். அப்பா “கரியைப் பூசாதே” என்றதும் அவரிடம் பேசுவதையே நிறுத்தியிருப்பீர்கள். சித்தப்பா வாயிலிருந்து இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை, கவனித்தீர்களா? அவர் மனம் புண்படும் என்று சொன்னது அப்பா. அவரே, “போடா, இங்கே நின்று என்ன செய்யப் போகிறாய்” என்று சொல்லக்கூடும். அவருக்கும் அந்த அணியில் வேலை ஓட வேண்டும், அது உண்மை. ஒரு ஸ்பிரிண்டர் விலகினான் என்பதற்காக மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்புகிற அணியாக இருந்தால், அவரும் வேறு இடம் பார்ப்பது நல்லது.

காறை எலும்பு உடைந்த விஷயத்தை நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அதில்தான் அதிக நேரம் நின்றேன். அணியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு விழுந்தவனுக்கு ஆன செலவில் பாதியை ஒரு ஷிப்ட் தொழிலாளி ஏன் கட்ட வேண்டும்? காப்புறுதி இருந்ததா, இருந்தும் வரம்பு போதவில்லையா, அல்லது யாரும் கேட்கவே இல்லையா? பந்தயத்தில் விழுந்தால் ஒரு கணக்கு, பயிற்சியில் விழுந்தால் வேறு கணக்கு என்று வைத்திருக்கிற காப்புறுதிகளும் உண்டு. உங்களைப் போன்றவர்கள் வருடத்தில் பெரும்பாலான நாள் ஓட்டுவது பயிற்சிதான். இரண்டு அணிகளிடமும் காப்புறுதித் தாளின் நகலைக் கேளுங்கள். மருத்துவச் செலவுக்கு வரம்பு எவ்வளவு, பயிற்சி அதில் அடங்குமா, வெளிநாட்டில் விழுந்தால் ஊருக்குக் கொண்டுவரும் செலவு யாருடையது, ஓட்ட முடியாத மாதங்களில் பணம் வருமா என்ற நாலும் அதில் இருக்க வேண்டும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் சுயதொழில் பாதுகாப்புத் திட்டத்தில் உங்களைச் சேர்க்க முடியுமா என்றும் பட்டர்வொர்த்திலேயே ஓர் எட்டு போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். அப்பாவின் கோபத்தில் பாதி இந்த ஆஸ்பத்திரி பில்லில் இருக்கிறது என்பது என் ஊகம்.

ஜப்பானுக்கு வருவோம்.

முதலில் விசா. நம் கடப்பிதழுக்கு ஜப்பானில் 90 நாள் விசா இல்லாமல் இருக்கலாம். அது சுற்றிப் பார்க்க. சம்பளம் வாங்க அல்ல. “முதலில் வாருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முறையாக உங்களை எடுக்கிற அணி, ஜப்பான் குடிநுழைவுத் துறையில் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, அது கைக்கு வந்த பிறகுதான் உங்களை விமானம் ஏறச் சொல்லும். அதற்கே ஒன்றிலிருந்து மூன்று மாதம் பிடிக்கும். ஜப்பானிய மொழி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால், ஆங்கிலத் தாளும் ஜப்பானியத் தாளும் முரண்பட்டால் எது செல்லும் என்று எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் இடம். கான்டினென்டல் அணியில் பெரும்பான்மை வீரர்கள் அந்த நாட்டுக்காரர்களாக இருக்க வேண்டும். எனவே வெளிநாட்டுக்காரர்களுக்கு இருக்கிற சில இடங்களை யாரும் சும்மா கொடுப்பதில்லை. ஏதோ ஒரு வேலைக்காகத்தான் உங்களை எடுக்கிறார்கள். என்ன வேலை? ஜெயிக்கவா, இன்னொருவருக்கு லீட்-அவுட் கொடுக்கவா (கடைசிப் பாய்ச்சலுக்கு முன்னால் போய் வேகம் கொடுப்பது), நாள் முழுக்கக் காற்றில் முன்னால் நின்று இழுக்கவா, டீம் காரிலிருந்து பாட்டில் சுமந்து வரவா? எதுவும் கேவலமான வேலை இல்லை. ஆனால் வெளிநாட்டு வீரன் ஒரு வருடத்தில் முடிவு காட்டவில்லை என்றால் அந்த இடத்துக்கு அடுத்தவன் வந்துவிடுவான். உள்ளூர்ப் பையனுக்குக் கிடைக்கிற பொறுமை உங்களுக்குக் கிடைக்காது.

இங்கேதான் அந்த ‘ஸ்பிரிண்டர்’ வருகிறது. நீங்கள் பழகியது பெனாகா, கோலா மூடா பக்கத்து வயல்வெளிச் சாலைகளில் என்று நினைக்கிறேன். தட்டுபோலச் சமமான பூமி. லங்காவி சைக்கிளோட்டத்தில் கெந்திங் மாதிரி ஒரு நாள் ஏற்றம் இருந்தாலும் மற்ற நாள்களில் பல ஸ்டேஜ்கள் கூட்டமாக வந்து ஸ்பிரிண்டில் முடியும். ஜப்பானில் அப்படி எதிர்பார்க்காதீர்கள். மே மாதம் நடக்கும் டூர் ஆஃப் ஜப்பானில் ஃபுஜி மலை ஸ்டேஜ் பிரசித்தம். பல வருடம் ஓடிய அசாமி லைன் ஏற்றம் 11 கிலோமீட்டருக்குச் சற்று மேல், சராசரிச் சாய்வே 10 விழுக்காடு, சில இடங்களில் 20ஐத் தாண்டும். மெலிந்த ஏற்றக்காரர்களின் நாடு அது. ஜப்பான் கப் பந்தய சமயத்தில் உட்சுனொமியா நகரத்துக்குள் கிரிட்டீரியமும் (சின்ன வட்டப் பாதையில் பல சுற்று ஓடும் பந்தயம்) நடக்கும், அது உங்கள் காலுக்கு ஏற்றதுதான். ஆனால் ஒரு கிரிட்டீரியத்தை நம்பி நாடு மாற முடியாது. ஆகவே, “அடுத்த வருடம் எந்தெந்தப் பந்தயங்களுக்குப் போகிறீர்கள், அவற்றில் எத்தனையில் என்னைப் போடுவீர்கள், எந்த வேலைக்கு?” என்று எழுத்தில் கேளுங்கள். தென்கிழக்காசியப் பந்தயங்களுக்கும் வருகிற அணி என்றால் உங்களை எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. மலைப்பந்தயங்கள் மட்டுமே என்றால், உங்கள் பவர் மீட்டர் கணக்கைப் பார்க்காமலே கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பொருள். நான் பயிற்சியாளர் இல்லை. உங்கள் எடையையும் 20 நிமிடம் தாங்குகிற வாட் சக்தியையும் வைத்துக்கொண்டு விவரம் தெரிந்த ஒருவரிடம் இதைப் பேசுங்கள்.

ஜப்பான் போனால் அங்கிருந்து ஐரோப்பா என்ற எண்ணம் மனதில் இருந்தால் அதையும் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். மலேசியர் யாரும் இதுவரை டூர் டி பிரான்ஸில் ஓடியதில்லை. ஜப்பானியர்களில் ஃபுமியுகி பெப்புவும் யுகியா அராஷிரோவும் 2009இல் முழு டூரையும் ஓட்டி முடித்தார்கள். இரண்டு பேருமே அப்போது ஐரோப்பிய அணிகளில் இருந்தவர்கள். ஆசிய அணி உங்களுக்குப் பந்தயமும் புள்ளியும் தரும், கதவைத் தானாகத் திறந்துவிடாது. அடுத்த வருடம் உங்களுக்கு 22 முடியப் போகிறது என்றால், 23 வயதுக்குட்பட்டோர் பிரிவில் அதுவே கடைசி வருடம். ஐரோப்பாவின் பயிற்சி அணிகள் பெரும்பாலும் அந்தப் பிரிவில்தான் ஆள் தேடுகின்றன. அவசரப்படுத்த இதைச் சொல்லவில்லை. ஓட்டுகிற பந்தய நாள்கள் அடுத்த வருடம் ஏன் முக்கியம் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தேசிய அணி விஷயமும் இருக்கிறது. 2027 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டி நம் நாட்டில். வெளிநாட்டு அணிக்குப் போகிறவர், தேசிய அழைப்பு வந்தால் விடுவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. போகும் முன் சம்மேளனத்திடமும் மாநில விளையாட்டு மன்றத்திடமும் நேரில் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் மறந்துவிடுவார்கள்.

இனி வீடு. கஷ்டமான பகுதி.

அப்பா ‘நன்றி’ என்று சொன்னது சித்தப்பாவுக்காக மட்டும்தானா? எனக்குச் சந்தேகம். கொஞ்சம் அவர் பக்கமிருந்து பாருங்கள். விடியற்காலையில் எழுந்து, கப்சாயை முடுக்கி, முதுகுக்குப் பின்னால் மகன் சக்கரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டியவர். கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, நீங்கள் பின்தங்கினால் திராட்டிலைத் தளர்த்தி, சேர்ந்துகொண்டதும் மறுபடி முறுக்கியவர். பிறகு ஒருநாள் உங்களை அணி எடுத்துக்கொண்டது. பயிற்சி அட்டவணை போனில் வருகிறது, வேகத்தைக் கருவி சொல்கிறது. அப்பாவுக்கு மிச்சமிருந்தது என்ன? தன் தம்பிக்கு, அதாவது உங்கள் சித்தப்பாவுக்கு, ஒரு போன். பையன் இன்று எப்படி ஓட்டினான், சாப்பிட்டானா, முகம் எப்படி இருக்கிறது? அணிக்குள் சித்தப்பா இருக்கிற வரை அப்பாவும் அந்த அணியில் பாதி இருக்கிறார். ஜப்பானில் அந்தக் கம்பி அறுந்துபோகும். இதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நம் வீட்டு அப்பாக்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. ‘நன்றி’, ‘பேர்’, ‘மரியாதை’ என்று கனமான சொற்களாகத்தான் வெளியே வரும். நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம், அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எப்படிக் கேட்பது? வீட்டு ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்து வேண்டாம். அம்மா ஒரு பக்கம் சேருவார், டிவி ஒரு பக்கம் ஓடும், பத்தாவது நிமிடத்தில் சத்தம் வரும். அவருக்கு ஓய்வு நாள் பார்த்து, பழைய பாதையில் ஒரு தடவை பேஸ் கொடுக்கக் கூப்பிடுங்கள். முடிந்ததும் வழக்கமாக ரொட்டி சானாய் சாப்பிடுகிற கடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: “அப்பா, போகட்டுமா வேண்டாமா என்று கேட்க வரவில்லை. நான் போனால் உங்களுக்கு எதுதான் பயம், அதைச் சொல்லுங்கள்.” அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் சுற்றி வளைத்துத்தான் வருவார். சம்பளத்தில் தொடங்குவார், பூகம்பம் என்பார், சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பார். குறுக்கே பேசாமல் கேளுங்கள். காப்புறுதித் தாள் அன்று கையில் இருந்தால் ஆஸ்பத்திரிப் பேச்சு வரும்போது காட்டலாம்.

நாடு விட்டுப் போனவர்கள் எல்லாரும் துரோகிகள் இல்லை என்று அவருக்கும் தெரியும். லங்காவி சைக்கிளோட்டத்தில் ஸ்டேஜ் வென்ற முதல் மலேசியர் அனுவார் மனான். 2010இல் அதை அவர் வென்றது ஒரு கொரிய அணியின் ஜெர்சியில். டுங்குன் பையன் அசிசுல்ஹஸ்னி அவாங் பல வருடம் மெல்பர்னில் தங்கிப் பயிற்சி செய்துதான் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் தோக்கியோவில் வெள்ளியும் கொண்டுவந்தார். உங்கள் அப்பா சைக்கிள் பைத்தியம் என்றால் ஒலிம்பிக்குக்காக 1988இல் சியோலுக்கும் 1992இல் பார்சலோனாவுக்கும் போன நம் முருகையன் குமரேசனைப் பற்றிக் கேளுங்கள். பேச்சு எங்கேயோ போகும். போகட்டும், அதுவும் நல்லதுதான்.

பத்தாயிரம் வெள்ளியை மட்டும் தனியாக எடுத்துப் பேசிவிடுங்கள். அது அவருடைய முதுமைக்கு இருந்த பணம். அதைச் சொல்லிக் காட்டுகிற ஆள் இல்லை அவர் என்றாலும் உங்கள் மனதில் அது உறுத்துகிறது, இல்லாவிட்டால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். மாதம் 200 வெள்ளி அவர் கையில் கொடுத்துச் சேமநிதியில் சுயமாகக் கட்டச் சொல்லுங்கள். நாலு வருடம் சொச்சத்தில் பத்தாயிரமும் திரும்பிவிடும். மறுப்பார், விடாதீர்கள். பணத்தைப் பணமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்கு ஈடாக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது அவருக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. விடியற்காலைகளுக்கு விலை போட முடியாது, போடவும் வேண்டாம்.

அம்மா சொல்வதை நீங்கள் ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள், நானும் நீட்ட மாட்டேன். ஆனால் மூன்று பேரில் கண் தெளிவாகப் பார்க்கிறவர் அவர்தான் போலிருக்கிறது. முப்பது வயதுக்கு மேல் என்ன என்று கேட்கிறார். டிசம்பரில் சீசன் ஓய்ந்ததும் அம்மாவையே கூட்டிக்கொண்டு போலிடெக்னிக்கின் மாணவர் விவகாரப் பிரிவுக்குப் போங்கள். திரும்பச் சேர முடியுமா, முடித்த செமெஸ்டர்கள் எத்தனை வருடம் செல்லும், இல்லையென்றால் தொலைதூரப் படிப்புக்கு அந்தப் புள்ளிகளை மாற்றலாமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எப்போது சேருவேன் என்று அவருக்கு ஒரு வருடத்தைச் சொல்லுங்கள். “பார்க்கலாம்மா” என்று இனியும் சொல்லாதீர்கள்.

என் கருத்து என்ன என்றால், இப்போதைய அணியின் இரண்டு வருடத் தாளில் இன்றிருக்கிற நிலையில் கையெழுத்துப் போட வேண்டாம். மூன்று மாதம் சம்பளம் தள்ளிப்போன இடத்தில் நீளமான ஒப்பந்தம் கேட்பது அவர்களுக்குத்தான் வசதி. ஜப்பான் அணி தகுதிச் சான்றிதழ், காப்புறுதி, பந்தய அட்டவணையில் உங்கள் வேலை ஆகிய மூன்றையும் எழுத்தில் கொடுத்தால் ஒரு வருடம் போய்வாருங்கள். 21 வயதில் தனியாகச் சமைத்து, தெரியாத மொழியில் திட்டு வாங்கி, குளிரில் ஓட்டிப் பழகுவது சைக்கிளுக்கு வெளியேயும் உதவும். மூன்றில் ஒன்று வராவிட்டாலும் இங்கேயே இருங்கள். ஆனால் ஒரு வருடம் மட்டும், சம்பளம் இத்தனை நாளுக்கு மேல் தாமதமானால் விலகலாம் என்ற விதியோடு, காப்புறுதியைச் சரிசெய்துகொண்டு. எந்தத் தாளானாலும் கையெழுத்துக்கு முன் வேலை ஒப்பந்தம் பார்க்கிற ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அணி கொடுக்கிற வழக்கறிஞரிடம் அல்ல.

தூக்கமின்மையைச் சாதாரணமாக விடாதீர்கள். ஸ்பிரிண்டில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் தோளோடு தோள் உரசிப் போகிறவர், தூங்காத கண்ணோடு போனால் அடுத்த காறை எலும்பும் உடையும். இன்னும் இரண்டு வாரம் இப்படியே போனால் மருத்துவரையோ உங்கள் பக்கத்தில் ஓர் ஆலோசகரையோ நேரில் பாருங்கள். கடிதத்தில் இதற்கு மேல் செய்ய முடியாது.

மாதக் கடைசி என்று ஜப்பான்காரர்கள் சொன்னதற்காகக் காத்திருக்க வேண்டாம். இன்றே நாலு வரியில் பதில் போடுங்கள்: அழைப்புக்கு நன்றி, ஆர்வம் இருக்கிறது, இந்த மூன்று தாள்களும் வந்த நாளிலிருந்து பத்து நாளில் முடிவு சொல்கிறேன் என்று. அனுப்பிவிட்டுச் சித்தப்பாவுக்குப் போன் போடுங்கள். மேனேஜர் வாயால் அவர் இதைக் கேள்விப்படக் கூடாது.